பதினேழாம் குழி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மாமாவுக்கு முதுகுவலி குறைந்ததா? பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. "எல்லாரும் சௌக்கியம்" என்று ஒரே வரியில் ஒப்பேற்றாதே.

இங்கே டவர் கிடைக்க வேண்டுமென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்க வேண்டும். போன மாதம் அப்படி நின்று பேசியபோதுதான் நீ பாதியில் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

சேதி இதுதான். கடற்கரை அருங்காட்சியகத்தின் புதுக் கூடத்தில் நிரந்தரமாகத் தொங்கவிட என் வலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாற்பதடி நீளம். ஒரே கரையில் ஒரு வருடம் ஒதுங்கிய பிளாஸ்டிக்கை, ஒதுங்கிய நாள் வரிசையில், கிழிந்த மீன்வலையில் கம்பியால் கட்டியிருக்கிறேன். செருப்பு, பல் பிரஷ், ஊசிக்குழாய், ஒரு பொம்மையின் தலை. எதையும் வாங்கவில்லை, கழுவவில்லை, சாயம் அடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி இருக்கும். "இதுல பொய் இல்ல, அதான் எங்களுக்குப் பிடிச்சுது" என்று தேர்வுக்குழுத் தலைவி சொன்னார். பதினோரு வருடமாகக் குப்பை அள்ளுகிறவன் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் ஆலையில் தேறாத பாட்டில் மூடிகளை அரைவை மையத்தில் கொடுத்துத் தூளாக்குவார்கள் என்று சொல்வாயே, அப்போது நீ பக்கத்தில் நிற்பாயா? வலைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் பலகை வைக்கிறார்கள், அதற்காகக் கேட்கிறேன்.

உன் தம்பி,
பொறுக்கி


ஜனவரி 16

அன்புள்ள பொறுக்கிக்கு,

மூச்சிரைப்பு மழையோடு போயிற்று. உன் மாமாவின் முதுகு வண்டி ஓட்டும்போது வலிக்கிறது, கேரம் ஆடும்போது வலிப்பதில்லை. பாப்பா இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரத்தான் அழுகிறாள். திருப்தியா?

உன் கடிதத்தைக் கேன்டீனில் வைத்துப் படித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவள், "என்னாச்சு, வீட்ல யாருக்காச்சும் முடியலையா?" என்று கேட்குமளவுக்கு அழுதுவிட்டேன். "இல்லடி, என் தம்பி பெரிய ஆளாயிட்டான்" என்றேன். நீ சின்ன வயதில் பொறுக்கிவந்ததை எல்லாம் பின்வாசல் வழியாக வீசியவள் நான்தான். அதையும் அந்தப் பலகையில் போட்டுவிடாதே.

நிற்பாயா என்றா கேட்கிறாய்? நிற்காமல் எப்படி? எங்கள் அச்சில் இருபத்துநாலு குழிகள். ஒரு அழுத்துக்கு இருபத்துநாலு மூடிகள் விழும். எது எந்தக் குழியில் விழுந்தது என்று தெரிய உட்புறம் எண் இருக்கும். ஒரு குழியில் கோளாறு என்றாலும் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவள் என்று எனக்கு ஆலையில் பெயர். தேறாததை அரைவை மையத்துக்குக் கொண்டுபோய், கடைசி மூட்டை தூளாகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் 'என் கண்முன் அழிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவேன். அங்கே சீட்டு, முத்திரை எதுவும் தருவதில்லை. என் கையெழுத்துதான் எல்லாம்.

லோடு கொண்டுபோவதும் வேறு யாரோ இல்லை, உன் மாமாதான். லோடு நாள் என்றால் எங்கள் வீட்டில் குஷி. மற்ற நாளில் எட்டு மணி ஆகும், அன்றைக்கு நாலு மணிக்கே வந்து பாப்பாவைப் பள்ளிக்கூடத்து வாசலில் கூப்பிட்டுக்கொள்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

போன அக்டோபரில் நீ நின்று பார்த்த லோடுகளின் தேதி ஞாபகம் இருக்கிறதா? என்ன நிறம் என்று ஞாபகம் இருந்தாலும் எழுது. அவசரமில்லை. ஆனால் யோசித்து எழுது.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்பதற்கு முன் வேறொன்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து நாலு வரி எழுதுகிறாய், அதிலும் தேதி என்ன, நிறம் என்ன என்று கேட்கிறாய். நான் என்ன காவல் நிலையத்திலா உட்கார்ந்திருக்கிறேன்? படித்ததுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இவன் எதையோ மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறான் என்று நினைத்தேன்.

நேற்று அது என்னவென்று தெரிந்துவிட்டது. கேன்டீனில் ஒருத்தி வார இதழைக் கொண்டுவந்தாள். உன் வலையின் படம், முழுப்பக்கம், பளபளப்பான தாள். ஆளாளுக்குப் பிடுங்கிப் பார்த்தார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். வலையின் கடைசிப் பக்கத்தில், பட்டை பட்டையாக மொத்தம் இரண்டடி அகலத்துக்கு ஒரே நிறம். சிவப்பும் இல்லை, ரோஸும் இல்லை, வெயிலில் கிடந்த தக்காளி மாதிரி. அது எங்கள் நிறம். அக்டோபரில் சாயம் கலக்கிறவன் அளவைத் தப்பாகப் போட்டு மூன்று லட்சம் மூடிகள் வீணாகின. அந்தச் சரக்கு முழுவதையும் நான்தான் நிறுத்தினேன். மூன்று லோடு. அதில் ஒரு மூடிகூடக் கடைக்குப் போகவில்லை.

ஓரத்தில் ஒரு மூடியை மட்டும் உட்புறம் தெரியப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். வேலையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். 17 என்ற எண் தெரிகிறது, ஏழின் காலில் மயிரிழை மாதிரி விரிசல். எங்கள் பதினேழாம் குழியில் இருக்கும் விரிசல் அது, உலகத்தில் வேறெந்த அச்சிலும் அப்படி இருக்காது.

கடலில் பொறுக்கினேன் என்று காதில் பூ சுற்றாதே. எங்கள் மூட்டையில் இருந்ததை யாரிடம் வாங்கினாய்? எதையும் வாங்கவில்லை என்று எனக்கே எழுதினாயே. இதற்கா நான் கேன்டீனில் உட்கார்ந்து அழுதேன்?

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

அவை கடலில் கிடைத்தவை. அதற்குமேல் என்னிடம் கேட்காதே. கேட்டால் நான் பதிலுக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

மாமாவையும் பாப்பாவையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

பாப்பாவுக்கு ஜலதோஷம், மற்றபடி நலம்.

உன் கடிதத்தை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கேரம் பலகைக்கு மாவு தூவிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "என் தம்பிக்கு நீங்க மூடி ஏதும் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார். "நானா? நான் எதுக்குக் குடுக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டு, ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டார். சிவப்புக் காய் அவர் கையிலேயே இருந்தது. பாப்பா அதைக் கேட்டு ஒரே அழுகை.

பதினாலு வருடம் குடும்பம் நடத்துகிறேன், அவர் முகம் எனக்குத் தெரியாதா? நீங்கள் இரண்டு பேரும் கூட்டு. அவர் வண்டியிலிருந்து இரண்டு மூட்டையை உனக்கு இறக்கிவிட்டிருக்கிறார். மச்சானுக்கு உபகாரமாம்! எனக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும் என்று இரண்டு பேரும் மென்று விழுங்குகிறீர்கள்.

போன வாரப் பேப்பரில் ஒரு கலை விமர்சகர் எழுதியதைப் படித்தேன். 'வலையின் கடைசிப் பக்கத்திலுள்ள மூடிகளில் கடல் பட்ட தேய்மானமே இல்லை, இவை புதியவை, கலைஞர் விளக்க வேண்டும்' என்று போட்டிருக்கிறார். ஊர் உலகம் உன்னைப் பொய்யன் என்று சொல்வதற்கு முன் என்னிடம் உண்மையைச் சொல்லிவிடு. திட்டுவேன். திட்டிவிட்டு உன் பக்கம் நிற்பேன்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு ஜலதோஷம் விட்டதா?

நீ கேட்டுவிட்டாய். இனி நானும் கேட்கிறேன்.

அக்டோபர் 11 காலை கரைக்குப் போனேன். கரை முழுக்க அந்த நிறம். ஆயிரத்து நூற்று நாற்பதுவரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஒன்றைத் திருப்பிப் பார்த்ததும் திக்கென்றது. பாப்பாவுக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்க நீ ஒரு டப்பா நிறைய மூடிகள் வைத்திருப்பாயே, அதே முக்கோண முத்திரை, அதே மாதிரி எண். அக்டோபர் 24 அன்று மறுபடி வந்தது. நவம்பர் 16 அன்று மறுபடி. தேய்மானம் இல்லைதான். கடலில் ஐந்து நாள் கிடந்தால் எப்படித் தேயும்? உங்கள் லோடு போன தேதிகளை நீயே பார்த்துக்கொள், ஐந்து நாள் முன்னால் இருக்கும் என்று நினைக்கிறேன். நீரோட்டம் உங்கள் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்தான் வருகிறது, மிதந்து வர ஐந்து நாள் பிடிக்கும் என்று இங்குள்ள மீனவர்கள் சொல்கிறார்கள்.

அதனால்தான் ஜனவரியில் உன்னைக் கேட்டேன். 'இல்லடா, நான் போறதே இல்ல' என்று எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். கடைசி மூட்டை தூளாகும்வரை நின்று பார்ப்பதாக எழுதினாய். நின்று பார்த்திருந்தால் அவை என் கைக்கு வந்திருக்காது. ஒன்று, கடலில் கொட்டுவது தெரிந்தே நீ கையெழுத்துப் போடுகிறாய். இல்லாவிட்டால் எனக்குப் பொய் எழுதினாய். மூன்று மாதமாக மாற்றி மாற்றி யோசித்துப் பார்க்கிறேன். உன்னை நேரில் பார்த்தால் கேட்டுவிடுவேன் என்றுதான் பாப்பா பிறந்தநாளுக்குக்கூட வரவில்லை.

அருங்காட்சியகத்தில் இப்போது விளக்கம் கேட்கிறார்கள். மே முதல் வாரத்துக்குள், அந்த மூடிகள் எங்கிருந்து வந்தன என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். உண்மையை எழுதினால் முதலில் வெளியே வரப்போவது உன் கையெழுத்து. எழுதாவிட்டால் நான் பொய்யன். நீ சொல், நான் என்ன எழுத?

தம்பி


ஏப்ரல் 23

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். சுகமறிய ஆவல்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உன் கடிதம் வந்ததிலிருந்து உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அந்த நிற மூடிகளை மட்டும் வலையிலிருந்து எடுத்துவிடு. இரண்டடிதானே, வேறு ஏதாவது வைத்துக் கட்டிவிடலாம். காரணம் கேட்காதே. இது வெளியே வந்தால் எங்கள் இரண்டு பேர் வேலையும் போய்விடும். பாப்பா இருக்கிறாள். நீ புத்திசாலி, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மாமா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மாமா எழுதியிருந்தார். 'எங்கள் இரண்டு பேர் வேலையும்' என்று எழுதியிருந்தார். அதற்குமேல் நான் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்று புரிந்துகொண்டேன்.

நேற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். அந்த மூடிகளை நான் வெளியே வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தலைவி இரண்டு தடவை படித்தார். "நெஜமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "வலையை எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். இப்போது சுருட்டி என் அறையில் வைத்திருக்கிறேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரியாகப் பொருந்திவிட்டது.

கவலைப்படாதே. யாரும் உங்கள் ஆலைப்பக்கம் வரமாட்டார்கள். நீ தெரிந்து செய்தாயா என்று இனி ஒருநாளும் கேட்கமாட்டேன். என் மனதில் ஒன்றுமில்லை. அக்காவை நான் மன்னிக்காமல் வேறு யார் மன்னிப்பது? பாப்பாவுக்கு முத்தம்.

தம்பி


மே 18

டேய்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதை உன் முகத்தில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. முகம் கிடைக்காததால் எழுதுகிறேன்.

நான் பதில் எழுதாமல் இருந்தது ஒளிவதற்காக இல்லை. லோடு நாளுக்காகக் காத்திருந்தேன். உன் ஏப்ரல் கடிதம் வந்ததும் கேட் பதிவேட்டைப் புரட்டினேன். அக்டோபர் 6, 19, நவம்பர் 11. நீ எழுதிய ஐந்து நாள் கணக்கு அப்படியே இருந்தது. அன்றே உன் மாமாவின் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். அவர் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகுவார், நானும் நம்பிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் முழுக்கத் தேறாத சரக்கே விழவில்லை. மே 9 அன்றுதான் லோடு ஏற்றினார்கள். நான் போய் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எதுக்கு? அங்க ஒரே தூசி, உனக்கு ஒத்துக்காது" என்றார்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

பெரிய சாலை முடிகிற இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, சோடாக் கடைக்காரரிடம், "அண்ணே, அரைவை மையம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்த மையம் இடம் மாறி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக மாதம் ஒன்றிரண்டு தடவை போய்வருகிறவர் வழி கேட்கிறார். எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அவரும் என் பக்கம் திரும்பவில்லை. வாசலில் காவல்காரர் வண்டி எண்ணை எழுதிக்கொண்டே, "புதுசா வர்றீங்களா? வரிசையில நில்லுங்க, நாலு மணி நேரம் ஆகும்" என்றார்.

நாலு மணி நேரமும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது மணி நேரத்தில் அவராகவே வாயைத் திறந்தார்.

"இந்த வரிசையில நின்னா வீடு வந்து சேர எட்டு ஆயிரும்னு மத்த டிரைவருங்க சொன்னாங்க. பாப்பா ஸ்கூல் விட்டு வர்றப்ப ஒரு நாளாச்சும் நான் வாசல்ல நிக்கணும்னு ஆசையா இருந்துச்சு. முகத்துவாரப் பாலத்துக்குக் கீழ கொட்டிட்டு வந்துட்டேன். ஒரு தடவைதான்னு நெனச்சேன்."

"எத்தன தடவ?" என்று கேட்டேன். அவர் வண்டியை ஒரு இடம் முன்னால் நகர்த்தினார்.

நான் குஷி என்று உனக்கு எழுதினேனே, அந்த நாலு மணி எல்லாம் இதுதான். அழக்கூட வரவில்லையடா. அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது.

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ சொன்ன இரண்டில் இரண்டாவதுதான். நான் உனக்குப் பொய் எழுதினேன். பழைய மையத்துக்கு ஐந்தாறு தடவை போனேன், தூசியில் மூச்சு வாங்கியது. "நீ ஏன் கஷ்டப்படற, கையெழுத்தப் போட்டுக் குடு, நான் பாத்துக்கறேன்" என்றார். கட்டின புருஷனை நம்பாமல் பின்னாலேயே போய் நிற்பதா என்று, லோடு கிளம்புவதற்கு முன்பே 'என் கண்முன் அழிக்கப்பட்டது' என்று போட்டுக் கொடுத்துவிடுவேன். வேறு டிரைவராக இருந்திருந்தால் மூட்டைக்கு மூட்டை எண்ணியிருப்பேன். சரி, உன்னிடம் ஏன் பொய் சொன்னேன்? வெட்கம் கெட்ட பெருமை. தம்பி பெரிய இடத்துக்குப் போகிறான், அவனே என் வேலையைப் பற்றிக் கேட்கிறான், நானும் என் வேலையில் லேசுப்பட்டவள் இல்லை என்று காட்டிக்கொள்ள ஆசை. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நீ நாலு மாதம் இப்படி வெந்துகொண்டிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். உன் மாமாவும் எனக்குப் பின்னாலேயே வந்து, தான் கொட்டிய இடத்தையும் நாட்களையும் எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது பாப்பா மூலமாகத்தான். "அம்மா, அப்பா சாப்பிட்டாச்சான்னு கேக்கறாரு" என்கிறாள். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்கிறேன். எப்போது சரியாகும் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் உன் கடிதம் வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து மூன்று மணி நேரம் பயணம் செய்து அந்தத் தலைவியைப் போய்ப் பார்த்தேன். பதிவேட்டின் நகல், நான் பொய்யாகக் கையெழுத்திட்ட தாள்களின் நகல், எல்லாவற்றையும் அவர் மேசைமேல் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். "உங்க தம்பி எழுதிக் குடுத்ததை அவரே வந்துதான் மாத்தணும், மாசக் கடைசி வரைக்கும் இடத்தைக் காலியா வெச்சிருக்கேன்" என்றார். உன் அறைக்கும் வந்தேன். பூட்டியிருந்தது. கரைக்குப் போயிருப்பாய். தேடி வரவில்லை. உன்னைப் பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன், நீயும் அழுதிருப்பாய், இந்த விஷயம் அதோடு அமுங்கிப் போயிருக்கும்.

அமுங்கக் கூடாது. தெரிந்தே கடலில் கொட்டவிட்டவள் உன் அக்கா என்று முடிவு கட்டிவிட்டு, அவளைக் காப்பாற்ற உன் பதினோரு வருடத்தைக் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாய். நான் அப்படிப்பட்டவள் இல்லையடா. சோம்பேறி, பெருமைக்காரி, புருஷன் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவள், எல்லாம் ஆமாம். அது மட்டும் இல்லை.

என்னை நம்பாமலே மன்னித்துவிட்டாய். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். முதலில் நம்பு. நம்பிவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டு. அதையும் கடிதத்தில் எழுதாதே, தொட்டிமேல் ஏறி நின்று போன் பண்ணித் திட்டு. இந்தத் தடவை பாதியில் வைக்கமாட்டேன்.

அக்கா